முன்னே இரண்டு, இடப்பக்கம் ஒன்று

மாசி பிறக்கும்போது கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடைப்பட்ட கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடும் பருவம் மும்முரமாக இருக்கும். திருவிடந்தை மணலும் அந்தக் கரையில்தான் இருக்கிறது. தாய் ஆமை குழி தோண்டி நூறுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் பொரிந்து மேலே வரும். அவற்றுக்கு வழிகாட்ட யாரும் இல்லை. எந்தப் பக்கம் தொடுவானம் வெளிச்சமாகத் தெரிகிறதோ அந்தப் பக்கம் ஓடும். ஆளரவமில்லாத கரையில் அந்த வெளிச்சம் கடல்மேல்தான் இருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் விடுதிகளிலும் விளக்குகள் எரிகிற இந்தக் காலத்தில், அதே விதி குஞ்சுகளை நிலத்தின் பக்கம் இழுத்துச் சாகடிக்கிறது. சென்னையில் 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் கரையோரம் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காவலிட்ட குழிகளில் வைத்துப் பொரிக்கச் செய்வதற்கு ஒரு காரணம் இது.

வெளிச்சத்தை நோக்கிப் போ என்ற இந்த ஒற்றை விதியை ஓர் இயந்திரத்துக்குள் வைத்துப் பார்த்தவர் வில்லியம் கிரே வால்டர். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் மூளையின் மின்னலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர். 1948, 49-ஆம் ஆண்டுகளில் எல்மர், எல்சி என்று இரண்டு சிறு ரோபோக்களைச் செய்தார். மூன்று சக்கரம், மேலே ஓர் ஓடு, வெளிச்சத்தை உணரும் ஒரு கண், முட்டினால் தெரிந்துகொள்ளும் ஓர் உணர்வி, மூளைக்குப் பதிலாக இரண்டே இரண்டு வானொலி வால்வுகள். அவ்வளவுதான். அவை மிதமான வெளிச்சத்தைத் தேடிப் போயின, கண்கூசும் வெளிச்சத்திலிருந்து விலகின, மேசைக்காலில் முட்டினால் சுற்றிக்கொண்டு போயின, மின்சாரம் குறைந்தால் தம் கூட்டுக்குத் திரும்பின. பார்த்தவர்கள் அவற்றை ஆமைகள் என்றே அழைத்தார்கள். இரண்டு நரம்பணுக்களின் அளவே உள்ள ஒரு மூளை உயிருள்ளதுபோல நடந்துகொள்ள முடியும் என்று காட்டுவது அவருடைய நோக்கம்.

இருபது ஆண்டு கழித்து வேறொருவர் அந்த ஆமையின் தலைக்குள் இருந்த விதியை எடுத்துவிட்டார். அந்த இடத்தில் ஒரு குழந்தையின் யோசனையை வைத்தார். ஆமை எங்கே போக வேண்டும் என்பதைக் குழந்தை சொல்லும். இந்த அத்தியாயம் அந்த ஆமையின் வம்சத்தைப் பற்றியது.

சீமோர் பாப்பர்ட் தென்னாப்பிரிக்காவில் பிறந்த கணித அறிஞர். 1958 முதல் 1963 வரை ஜெனீவாவில் குழந்தை உளவியல் அறிஞர் ழான் பியாஜேயுடன் பணியாற்றினார். குழந்தை பெரியவர் சொல்வதை அப்படியே வாங்கிக்கொள்வதில்லை, தன் கையாலும் உடலாலும் உலகத்தோடு மோதி அறிவைத் தானே கட்டிக்கொள்கிறது என்பது பியாஜேயின் வாழ்நாள் கண்டுபிடிப்பு. அந்தப் பாடத்தோடு அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்கு வந்த பாப்பர்ட், வாலி ஃபூர்ஸைக், சிந்தியா சாலமன், டேனியல் பாப்ரோ ஆகியோருடன் சேர்ந்து 1967-இல் 'லோகோ' என்ற கணினி மொழியை உருவாக்கினார். அது குழந்தைகளுக்கென்றே எழுதப்பட்ட மொழி. சில ஆண்டுகளில் அந்த மொழிக்கு ஓர் உடலும் கிடைத்தது. கம்பியால் கணினியோடு இணைத்த, தரையில் ஓடும் ஓர் ஆமை ரோபோ. வயிற்றில் ஒரு பேனா. 100 முன்னே போ, 90 பாகை வலமாகத் திரும்பு என்று எழுதினால் அது நகர்ந்து தரைக் காகிதத்தில் கோடு போடும்.

பாப்பர்ட் ஏன் தரையைத் தேர்ந்தெடுத்தார் என்பதுதான் இதில் முக்கியம். வடிவியலைப் பள்ளியில் படிக்கும்போது நாம் தாளுக்கு வெளியே நின்று பார்க்கிறோம். கோணம் என்பது இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள ஓர் இடைவெளி. ஆமைக்கு அது அப்படியில்லை. அதற்குக் கோணம் என்றால் திரும்புவது. வட்டம் என்றால் கொஞ்சம் நட, கொஞ்சம் திரும்பு, மறுபடியும் கொஞ்சம் நட. வட்டம் எப்படிப் போடுவது என்று குழந்தை கேட்டால் பாப்பர்ட்டின் ஆசிரியர்கள் சொல்லும் பதில், எழுந்து நீயே நடந்து பார் என்பது. நடந்தால் உடல் பதில் சொல்லிவிடும். ஐந்து வயதுக் குழந்தைக்கு உலகத்திலேயே நன்றாகத் தெரிந்த பொருள் அதன் சொந்த உடம்புதான். அந்த உடம்பையே அளவுகோலாக வைத்துக் கணிதத்துக்குள் நுழைய ஆமை ஒரு வாசல். 1980-இல் வந்த 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' என்ற நூலில் அவர் இதை விரிவாக எழுதினார்.

ஆனால் பாப்பர்ட்டின் ஆமையிடம் பேச விசைப்பலகை வேண்டும், எழுத்து தெரிய வேண்டும். மூன்று, நான்கு வயதுக் குழந்தை என்ன செய்யும்? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர் அப்போது எம்.ஐ.டி.யில் மாணவியாக இருந்த ரேடியா பெர்ல்மன். 1974 முதல் 76 வரை அவர் செய்த வேலையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. இன்று உலகெங்கும் மழலையர் வகுப்புகளில் ஓடும் ரோபோக்களின் சூட்சுமம் ஏறத்தாழ எல்லாமே அவரிடம் இருந்தது.

முதலில் ஒரு பட்டன் பெட்டி செய்தார். ஒரு பட்டனுக்கு ஒரு செயல்: முன்னே, பின்னே, வலம், இடம், பேனாவை இறக்கு, பேனாவைத் தூக்கு. அழுத்தினால் உடனே நடக்கும். இதைக் குழந்தை பழகிய பிறகு இன்னொரு பெட்டி: நினைவில் வைத்துக்கொள், நினைவில் வைத்தது போதும், இப்போது செய். இந்தப் பட்டன்கள் வந்ததும் விளையாட்டு வேறாகிவிடுகிறது. அழுத்துவதும் நடப்பதும் இப்போது ஒரே நேரத்தில் நிகழ்வதில்லை. நடுவில் ஓர் இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியில்தான் திட்டமிடுதல் என்ற ஒன்று குடியேறுகிறது. அதன் பிறகு அவர் செய்தது பிளாஸ்டிக் அட்டைகளைச் செருகும் ஒரு பெட்டி. வரிசை வரிசையாகப் பள்ளங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு நிறம். குழந்தை படம் போட்ட அட்டைகளை இடமிருந்து வலமாகச் செருகி வரிசையின் ஓரத்தில் உள்ள பட்டனை அழுத்தினால், ஆமை ஒவ்வோர் அட்டையாகச் செய்துகொண்டு போகும். சிவப்பு நிற அட்டை ஒன்றை நீல வரிசையில் செருகினால், ஆமை அங்கே வந்ததும் சிவப்பு வரிசை முழுவதையும் செய்துவிட்டுத் திரும்பும். பொறியியல் கல்லூரியில் சப்ரூட்டின் என்று பாடம் நடத்தும் விஷயம் அது. எழுத்தறியாத குழந்தை கையில் ஓர் அட்டையாக அது வந்துவிட்டது.

பெர்ல்மன் அந்த வேலையைத் தொடரவில்லை. சுற்றிலும் ஆண்களாக இருந்த ஆய்வுக்கூடத்தில், சின்னக் குழந்தைகளோடு வேலை செய்தால் தன்னை யாரும் அறிவியலாளராக மதிக்க மாட்டார்கள் என்று கூச்சப்பட்டதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். கணினி வலைப்பின்னல்களில் தகவல் சுற்றிச்சுற்றி அலையாமல் தடுக்கும் ஒரு வழிமுறையை 1985-இல் உருவாக்கிப் பெரும்புகழ் பெற்றார். இன்றைய இணையத்துக்கு அது பெரிய லாபம். மழலையர் கல்விக்கு நேர்ந்த இழப்பையும் மறந்துவிடக் கூடாது. குழந்தைகளோடு செய்யும் வேலையைச் சின்ன வேலை என்று நினைக்கும் பழக்கம் எத்தனை பேரை அதிலிருந்து விரட்டியிருக்கும்!

இன்று கடையில் கிடைக்கும் தரை ரோபோக்களில் பிரபலமானது இங்கிலாந்தின் 'பீ-பாட்'. மஞ்சள் கறுப்புத் தேனீ வடிவம், உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது. முதுகில் ஏழு பட்டன்கள்: முன், பின், இடம், வலம், சற்று நில், அழி, நடுவில் பச்சை நிறத்தில் 'போ'. ஒரு முறை முன் என்றால் சரியாக 15 சென்டிமீட்டர் நகரும். வலம் என்றால் நின்ற இடத்திலேயே 90 பாகை திரும்பும். பழைய மாடல் 40 கட்டளைகள் வரை நினைவில் வைத்துக்கொள்ளும். திரை கிடையாது. இணையம் வேண்டாம். எம்.ஐ.டி.யிலேயே படித்த மரீனா உமாஷி பெர்ஸ், டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய 'கீபோ' வேறு வகை. அதில் மரக்கட்டைகளைக் கோத்தால் அதுவே புரோகிராம்.

இதைத் தரையில் வைத்தால் என்ன நடக்கிறது என்று கிட்டப்போய்ப் பார்ப்போம். எந்த ஊர் வகுப்பிலும் இது நடப்பதுதான். நாம் திருவிடந்தையில் நடப்பதாக வைத்துக்கொள்வோம்.

15 சென்டிமீட்டர் கட்டங்கள், எட்டுக்கு எட்டு. மொத்தம் 120 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ நான்கடிச் சதுரம். (2022-இல் செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடந்த பிறகு இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எட்டுக்கு எட்டுக் கட்டம் நன்றாகவே பழக்கம்.) பழைய ஃபிளெக்ஸ் பேனரின் வெள்ளைப் பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டால் பாய் தயார். அதன்மேல் ஊர்ப்படம்: வடக்கே முட்டுக்காடு படகுத்துறை, அப்புறம் கோவளம், நித்திய கல்யாணப் பெருமாள் கோயில், வடநெம்மேலி முதலைப் பண்ணை, புலிக்குகை, தெற்குக் கோடியில் கடற்கரைக் கோயில். கிழக்கு ஓரம் முழுக்க நீலம்.

ரோபோ பெருமாள் கோயிலில் நிற்கிறது, தெற்கே பார்த்து. அதற்கு இரண்டு கட்டம் முன்னால், ஒரு கட்டம் இடப்பக்கம் கடலோரத்தில் ஆமைமுட்டைக் குழி. ஐந்து வயதுப் பெண் ஒருத்தி அதை அங்கே கொண்டுபோக வேண்டும். விரலால் காற்றில் கட்டங்களை எண்ணுகிறாள். முன், முன், இடம், போ. ரோபோ இரண்டு கட்டம் போகிறது, கடலைப் பார்த்துத் திரும்புகிறது, நிற்கிறது.

"டீச்சர், பாதியிலேயே நின்னுடுச்சு!"

ரோபோ பழுதாகவில்லை. அவளுடைய மனதில் இடம் என்றால் இடப்பக்கத்துக் கட்டத்துக்குப் போவது. ரோபோவுக்கு அது வெறும் திரும்புதல். திசை மாறுவது வேறு, இடம் மாறுவது வேறு. நமக்கு இது மிகச் சாதாரணமாகத் தோன்றும். நடக்கும்போது இரண்டையும் கலந்தே செய்வதால் குழந்தைக்கு இவை இரண்டு தனித்தனிச் செயல்கள் என்று தெரிய வாய்ப்பே வந்ததில்லை. தரை ரோபோவோடு விளையாடும் குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் தடுமாற்றம் இதுதான். இதை வாயால் விளக்கினால் ஐந்து வயதுக்குப் புரியாது. ஒரு கட்டம் பாக்கி வைத்து நிற்கும் ரோபோ காட்டிவிடுகிறது.

இன்னும் ஒரு முன் போட்டால் போதும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. முன் அழுத்தி, போ அழுத்துகிறாள். ரோபோ கிழக்கே இரண்டு கட்டம் பாய்ந்து, பாயைத் தாண்டி சிமென்ட் தரைக்குப் போய், வடக்கே திரும்பி, மேலும் ஒரு கட்டம் ஓடுகிறது.

"கடல்ல விழுந்துடுச்சு! கடல்ல விழுந்துடுச்சு!" என்று மொத்தக் கூட்டமும் கத்துகிறது. ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பையன், "ஏய், அழி போடலடி நீ" என்கிறான்.

ரோபோ முன்பு சொன்னதை மறக்கவில்லை. புதிய கட்டளை பழைய வரிசையின் வாலில் சேர்ந்துவிட்டது. முன், முன், இடம், முன் என்று முதலிலிருந்து செய்துவிட்டது. ஒரு பொருளுக்கு நினைவு உண்டு, நான் முன்பு சொன்னதற்கும் இப்போது நடப்பதற்கும் தொடர்பு உண்டு என்று குழந்தை கண்டுகொள்ளும் இடம் இது. கட்டளையைத் தெரிந்தே அழிக்க வேண்டும் என்பதும் இங்கேதான் தெரிகிறது.

மூன்றாவது தடுமாற்றம் இன்னும் ஆழமானது. அதே ரோபோவைக் கடற்கரைக் கோயிலில் வடக்கே பார்த்து வைத்தால், பாயின் வடக்கு ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அது எதிர்முகமாக வரும். இப்போது அதன் வலது, குழந்தையின் இடது. பியாஜேயும் பேர்பல் இன்ஹெல்டரும் மேசைமேல் மூன்று மலைகளின் மாதிரியை வைத்து, எதிர்ப்பக்கம் இருக்கும் பொம்மைக்கு என்ன தெரியும் என்று குழந்தைகளைக் கேட்டார்கள். சின்னக் குழந்தைகள் தங்களுக்குத் தெரிவதையே பொம்மைக்கும் தெரிவதாகச் சொன்னார்கள். எதிரே நிற்பவரின் வலது இடதைச் சரியாகச் சொல்வது பொதுவாக ஏழெட்டு வயதில்தான் கைகூடும். ரோபோ முன்னால் உட்கார்ந்த குழந்தை இதற்கு ஒரு வழி கண்டுபிடிக்கும். எழுந்து போய் ரோபோவுக்குப் பின்னால் குந்திக்கொள்ளும். அல்லது உட்கார்ந்த இடத்திலேயே இடுப்பை முறுக்கி, ரோபோ பார்க்கும் திசையைப் பார்க்கும். இன்னொருவர் நிலையில் நின்று பார்ப்பதற்கு உடம்பு எடுக்கும் முதல் பயிற்சி அது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு குழந்தை இடுப்பை முறுக்கும் அந்தக் கணத்துக்காகவே இந்தப் பொம்மையை வாங்கலாம் என்பேன்.

இந்த மூன்றிலும் பொதுவாக இருப்பதைக் கவனியுங்கள். எங்குமே 'தப்பு' என்று யாரும் சொல்லவில்லை. குழந்தையின் யோசனை தரையில் ஓடியது, எல்லோரும் பார்த்தார்கள், எங்கே பிசகியது என்று குழந்தையே கண்டது. நம் வகுப்பறைகளில் பிழை என்பது சிவப்பு மை. அது முடிந்துபோன ஒன்று, அதற்கு மதிப்பெண் குறையும். தரையில் பிழை முடிவதில்லை, அடுத்த முயற்சிக்கான தகவலாகிறது. பாப்பர்ட் தம் வாழ்நாளெல்லாம் மன்றாடியது இதற்காகத்தான். நானும் இந்த அத்தியாயத்தை எழுதுவது இதற்காகத்தான்.

ரோபோவின் வயிற்றுக்குள் இருப்பதையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் சிறு ஸ்டெப்பர் மோட்டார் இரண்டு இருந்தால், இதே வேலையைச் செய்யும் ரோபோவைக் கல்லூரி மாணவர்கள் செய்துவிடலாம். ஒரு வகை மோட்டார் 2048 எட்டுகளில் (ஸ்டெப்களில்) ஒரு முழுச் சுற்றுச் சுற்றும். சக்கரத்தின் விட்டம் 6 சென்டிமீட்டர் என்றால் சுற்றளவு 18.85. ஆகவே 15 சென்டிமீட்டர் போக 1630 எட்டுகள். திரும்புவதற்கு ஒரு சக்கரம் முன்னும் மற்றது பின்னும் சுற்றும். சக்கரங்களுக்கு இடையே 10 சென்டிமீட்டர் இருந்தால், கால் சுற்றுத் திரும்ப ஒவ்வொரு சக்கரமும் 7.85 சென்டிமீட்டர் ஓட வேண்டும், அதாவது 853 எட்டுகள். ஒரு திருப்பத்துக்கு இரண்டு பாகை குறைந்தால் நான்கு திருப்பத்தில் எட்டு பாகை கோணிவிடும். ரோபோ கட்டத்தை விட்டு விலகும், குழந்தை தன் கட்டளையைச் சந்தேகிக்கும். அதனால் இந்தப் பொம்மையில் துல்லியம் முக்கியம். கடலோர ஊர்களில் இதற்கு ஒரு தனித் தொல்லை உண்டு. தரையில் எப்போதும் மணல் இருக்கும். மணல்மேல் சக்கரம் வழுக்கும், மோட்டார் எண்ணிய எட்டும் ரோபோ நகர்ந்த தூரமும் ஒத்துப்போகாது. விளையாடுவதற்கு முன் பாயைத் துடைத்துவிட வேண்டும்.

இப்போது கோலத்துக்கு வருவோம்.  தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும், அவர்களோடு கமலா கிருதிவாசனும் சேர்ந்து 1974-இல் கோலத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கணினி மொழிகளுக்கு இலக்கணம் எழுதும் அதே முறையில் கோலத்துக்கு இலக்கணம் எழுத முடியும் என்று அது காட்டியது. தொடர்ந்து வந்த ஆண்டுகளில் சிரோமணியின் குழுவினர் கம்பிக் கோலத்தைக் கை அசைவுகளின் வரிசையாகவே எழுதிக்காட்டினார்கள். நேரே போ, இடமாக வளை, வலமாக வளை, புள்ளியைச் சுற்றிவா. ஏறத்தாழ அதே காலத்தில் எம்.ஐ.டி.யில் பாப்பர்ட்டின் ஆமை முன்னே, வலம், முன்னே, வலம் என்று தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தது. 1980-களில் ப்ரெமிஸ்லாவ் புருசின்கீவிச் என்ற கணினி அறிவியலாளர் இந்த இரண்டு ஓடைகளையும் இணைத்தார். செடிகள் வளர்வதை எழுதும் இலக்கணத்தை ஆமை நடையாக மாற்றி, அதன் வழியே கோலங்களையும் கணினியில் வரைந்துகாட்டினார்.

ஆகவே தரை ரோபோ நம் ஊருக்கு வெளியூர்ச் சரக்கு என்று தயங்க வேண்டியதில்லை. வாசலில் குனிந்து புள்ளிகளை வைத்து, கம்பியை எங்கே திருப்புவது என்று யோசித்து, தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்து சேர்க்கும் பாட்டி செய்வதும் இதே வகைச் சிந்தனைதான். புள்ளிகளை 15 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்துவிட்டால் ரோபோவும் கோலத்துக்குள் நுழைந்துவிடும்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன், வீட்டில் பென்சிலால் போட்டுப் பார்க்கலாம். பேனா செருகிய ரோபோ ஒன்று சதுரம் போட வேண்டும். முன், வலம், முன், வலம், முன், வலம், முன், வலம். எட்டுக் கட்டளை. ரோபோ புறப்பட்ட புள்ளிக்கே வந்து, புறப்பட்டபோது பார்த்த திசையையே பார்த்து நிற்கும். நான்கு திருப்பம் சேர்ந்து 360 பாகை. மறுபடி போ அழுத்தினால் அதே சதுரத்தின்மேல் மறுபடி ஓடும்.

ஒரு குழந்தை கடைசி வலத்தை மறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஏழு கட்டளைதான். சதுரம் அப்போதும் முழுதாக விழும், ரோபோவும் தொடங்கிய புள்ளிக்கு வந்துவிடும். பிழை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வடக்கே பார்த்துப் புறப்பட்ட ரோபோ இப்போது மேற்கே பார்த்து நிற்கிறது. இன்னொரு முறை போ அழுத்தினால் முதல் சதுரத்தை ஒட்டி, மேற்கே இரண்டாவது சதுரம் விழும். மூன்றாவது முறை தென்மேற்கே ஒன்று. நான்காவது முறை தென்கிழக்கே ஒன்று. தொடங்கிய புள்ளியை நடுவில் வைத்து நான்கு கட்டம் கொண்ட ஒரு கோலம் விழுந்துவிடும், ரோபோவும் மறுபடி வடக்கே பார்த்து நிற்கும். மறந்துபோன ஒரு திருப்பம் கோலமாகிவிட்டது. இதைப் பார்த்த குழந்தை அடுத்து என்ன செய்யும்? வேண்டுமென்றே ஒரு கட்டளையை விட்டுப் பார்க்கும். முன்னை இரண்டாக்கிப் பார்க்கும். பாடம் ஆராய்ச்சியாகும் இடம் அது.

இதனால் குழந்தை புத்திசாலி ஆகிவிடுமா என்று பெற்றோர் கேட்பார்கள். நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். 1980-களில் லோகோ பரவியபோது, அதைக் கற்றால் பொதுவான சிந்தனைத் திறனே வளர்ந்துவிடும் என்று பலர் நம்பினார்கள். நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியில் ராய் பீயும் மிடியன் குர்லாண்டும் 1984-இல் சோதித்துப் பார்த்தார்கள். லோகோ கற்ற பிள்ளைகள், கற்காதவர்களை விட வேறு வேலைகளில் சிறப்பாகத் திட்டமிடவில்லை. அதே ஆண்டில் டக்ளஸ் கிளெமென்ட்ஸும் டொமினிக் கல்லோவும் ஆறு வயதுப் பிள்ளைகள் 18 பேரோடு 12 வாரம் நடத்திய ஆய்வில் வேறு விதமான விடை கிடைத்தது. லோகோவோடு இருந்த பிள்ளைகள் நிதானித்துப் பதில் சொன்னார்கள், வழி சொல்வதில் தேறினார்கள். பிற்காலத்தில் பெர்ஸும் அவருடைய குழுவினரும் மழலையர் வகுப்புகளில் நடத்திய ரோபோப் பட்டறைகளில், கலைந்த படங்களைக் கதை வரிசையில் அடுக்கும் திறன் கூடியதாகக் கண்டார்கள். இவை சிறிய ஆய்வுகள். இவற்றை வைத்து நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: வரிசைப்படுத்தல், திசை அறிதல், தன் பிழையைத் தானே தேடித் திருத்துதல், இந்த மூன்றுக்கும் தரை ரோபோ நல்ல விளையாட்டு. கணக்கில் முதல் மதிப்பெண்ணுக்கோ, இருபதாம் வயதில் கிடைக்கப்போகும் மென்பொருள் வேலைக்கோ அது உத்தரவாதம் தராது. அப்படிச் சொல்லி ஐந்து வயதுக் குழந்தையின் பெற்றோரிடம் பணம் வாங்குவது அநியாயம்.

விலையும் ஒரு பிரச்சினைதான். இறக்குமதி ரோபோ ஒன்றுக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். முப்பது பிள்ளைகளுக்கு ஒரு ரோபோ என்றால் பெரும்பாலோர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். ஆனால் தமிழ்நாட்டில் இதற்கான தளம் ஏற்கெனவே இருக்கிறது. 1939-இல் அடையாறுக்கு வந்த கல்வியாளர் மரியா மாண்டிசோரி, கை வழியாகத்தான் மூளைக்குப் போக வேண்டும் என்று முந்நூறு ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தது திருவிடந்தையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வடக்கே. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து அட்டைகளோடு தாமே கற்றார்கள். 2022 முதல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் தொடக்க வகுப்புகளில் பாட்டு, பொம்மலாட்டம், செயல்பாடு என்று வகுப்பு ஓடுகிறது. அங்கன்வாடிகளிலும் விளையாட்டே பாடம். தரை, அட்டை, குழு மூன்றும் நம்மிடம் உண்டு. ஒன்றியத்துக்கு இரண்டு மூன்று ரோபோப் பெட்டிகளை வாங்கி, வாரத்துக்கு ஒரு பள்ளியாகச் சுற்றுக்கு விட்டாலே நிறையப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும்.

பெட்டி வரும் வரை ரோபோ இல்லாமலே தொடங்கலாம். தரையில் சாக்பீஸால் பாண்டிக் கட்டம்போலப் பெரிய கட்டங்கள் போடுங்கள். ஒரு பிள்ளை ரோபோ. மற்றொரு பிள்ளை அம்புக்குறி போட்ட அட்டைகளை வரிசையாக அடுக்கட்டும். ரோபோப் பிள்ளை அட்டையைப் பார்த்து நடக்கட்டும். திரும்புவதும் நடப்பதும் வேறு வேறு என்பது இங்கேயே பாதி புரிந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் இயந்திரம் வேண்டும். காரணம், நண்பன் புத்திசாலி. நீ சொன்னது இடம்தான் என்றாலும், நீ போகச் சொல்வது குழிக்குத்தான் என்று அவனுக்குத் தெரியும். திரும்பி, ஓர் அடி எடுத்தும் வைத்துவிடுவான். அவனுடைய அன்பு உன் பிழையை மூடிவிடுகிறது. ரோபோவுக்கு உன் மனதில் உள்ளது தெரியாது, சொன்னதை மட்டும் செய்யும்.

இதில் பெரியவர்களுக்கு ஒரு வேலை உண்டு, அது கடினமான வேலை. கை நீட்டாமல் இருப்பது. ரோபோ பாயைத் தாண்டி ஓடும்போது "அழி பட்டன அழுத்து கண்ணு" என்று நாக்கு நுனிவரை வந்துவிடும். அதைச் சொல்லிவிட்டால் கண்டுபிடிப்பு நம்முடையதாகிவிடும். கேட்க வேண்டியது வேறு: "நீ என்ன சொன்ன, அது என்ன செஞ்சுது?" இந்த இரண்டையும் குழந்தை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் அதற்கே தெரியும். அட்டைகளை அடுக்கிவிட்டு அதன்படி பட்டன் அழுத்தச் சொல்வது இதற்குப் பெரிய உதவி. ரோபோவுக்குள் இருக்கும் நினைவு கண்ணுக்குத் தெரியாது. தரையில் கிடக்கும் அட்டை வரிசை தெரியும், அதில் ஒன்றை எடுத்து வேறொன்றை வைக்கலாம். பெர்ல்மன் அரை நூற்றாண்டுக்கு முன் அட்டைகளை நாடியதும் இதனால்தான்.

எப்போது தரையிலிருந்து திரைக்குப் போகலாம் என்று சில ஆசிரியர்கள் கேட்கிறார்கள். 2014-இல் வெளியான 'ஸ்க்ராட்ச் ஜூனியர்' போன்ற செயலிகளில் ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகள் திரையிலேயே படக்கட்டைகளைக் கோத்துக் கதை செய்யலாம். வயதை விட நம்பகமான அறிகுறி ஒன்று இருக்கிறது. பாயின் எந்த ஓரத்தில் உட்கார வைத்தாலும் குழந்தை இடுப்பைத் திருப்பாமல், எதிர்முகமாக வரும் ரோபோவுக்குச் சரியான கட்டளையை அடுக்குகிறதா என்று பாருங்கள். அடுக்கிய வரிசையை ரோபோ ஓடுவதற்கு முன்பே மனதில் ஓட்டிப் பார்த்து, "இது முதலைப் பண்ணைக்குப் போயிடும், ஒரு அட்டை ஜாஸ்தி" என்று சொல்லி எடுத்துவிடுகிறதா என்று பாருங்கள். இரண்டும் நடந்தால் ஆமை குழந்தையின் தலைக்குள் குடியேறிவிட்டது. அந்தப் பிள்ளைக்குத் திரையைத் தரலாம். அதன் பக்கத்தில் இன்னும் இடுப்பைத் திருப்பிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்த வாரமும் பாயையே விரிக்கலாம், அடுத்த வாரமும்.